காபிச் சக்கை மணத்த நாள்

சென்ற பாதுகாப்பு வாரத்தில் உங்கள் பயிற்சி அறையில் நான் பேசி முடித்ததும் எல்லோரும் கை தட்டினீர்கள். வருஷா வருஷம் தட்டுகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் வண்டி அனுப்பி என்னை ஒரகடத்துக்கு வரவழைப்பது அந்த ஒரு கதைக்காகத்தான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. "தீப்பிடித்த குடோனின் கதவை சார் திறக்கவில்லை, அதனால் அங்கே வேலை செய்த பெண்கள் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை" என்று உங்கள் மேலாளர் அறிமுகம் செய்வார். நான் எழுந்து கதவு வரைக்கும் சொல்வேன். கதவை மூடுவேன். கதையையும் அங்கேயே மூடிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

இந்த முறை கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர். ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர் காபிக் கப்புகளை எடுத்துக்கொண்டிருந்தார், பாதிப் பேர் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்திருந்தீர்கள். "சார், அந்த லேடீஸ் எல்லாம் அப்புறம் என்ன ஆனாங்க?" என்று அவள் கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. "வேற வேலைக்குப் போயிட்டாங்கம்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். மேலாளர் சால்வை போர்த்தினார்.

வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து வைத்த பிறகும் அந்தக் கேள்வி மடியவில்லை. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். காபிச் சக்கையில் எரிபொருள் செய்யப்போகிறோம் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கி, அதற்குப் பேனரும் கட்டிவிட்டீர்கள். கதவுக்குப் பின்னால் நடந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. பாடம் வேண்டும் என்கிறவர்கள் நடுவில் ஒன்றிரண்டு பொறுக்கிக்கொள்ளலாம். ஆறுதல் வேண்டும் என்கிறவர்கள் இப்போதே பக்கத்தை மூடிவிடலாம்.

தொண்ணூற்றொன்றில் ஒரகடம் என்றால் பஸ்ஸை விட்டு இறங்கி டீ குடிக்க ஒரு கடை, அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கம்பெனிகள் இருந்தன. பெங்களூர் ரோட்டில் தள்ளி இருந்த ஒரு இன்ஸ்டன்ட் காபித் தொழிற்சாலை, சாறு இறக்கிய பிறகு மிஞ்சும் சக்கையை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் திண்டாடியது. எங்கள் முதலாளி பென்னலூரில் ஒரு களத்தையும், பிரஸ்ஸுக்கு ஒன்று குடோனுக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டுக் கொட்டகைகளையும் பிடித்துப்போட்டு, அந்தச் சக்கையை லாரியில் வாங்கிவந்து காயவைத்து, மரத்தூள் கலந்து, பிரஸ்ஸில் கொடுத்து அழுத்தினார். கை தடிமனுக்குக் கறுப்புக் கட்டைகளாக வந்து விழும். பாய்லரில் விறகுக்குப் பதில் போடலாம். நான் டிப்ளமோ முடித்து ஓரிரு இடங்களில் குப்பை கொட்டிவிட்டு, அங்கே சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன்.

காபி கம்பெனி வேலை என்று கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் ஒரு பொட்டலம் பொடி கிடைக்குமா என்றுதான் கேட்டார்கள். ஈரச் சக்கையை மோந்து பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டு நாள் கிடந்தால் புளித்துப்போய், வாந்தி எடுக்க வைக்கும் ஒரு நெடி வரும். பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலி. என் அப்பா கோயில் மடப்பள்ளியில் இருந்தவர். டிக்காஷன் இறங்கும் வாசனையை வைத்தே கொட்டை எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்லும் குடும்பம் எங்களுடையது. அந்த வீட்டின் பின்கட்டில் நின்று அம்மா, "கொல்லை வழியா போய் குளிச்சுட்டு உள்ள வாடா. காபின்னு சொல்லிண்டு செத்த எலியக் கட்டிண்டு வரயே" என்பாள். இந்த நாற்றத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

சக்கையைக் காயவைத்தது பென்னலூர்ப் பெண்கள். அவர்களுக்குத் தலைவி எஸ்தர். நாற்பதை நெருங்கியவர், உரத்த குரல், முன்கோபம் வேறு. பொங்கல் கழிந்ததும் குடும்பத்தோடு லாரி ஏறி செங்கல் சூளைக்குப் போய், மழைக்கு முன்னால் திரும்பி வருவதுதான் அவர்கள் வழக்கம். பிள்ளைகளும் கூடவே போவார்கள். பள்ளிக்கூடம் ஆனமட்டும்தான். எங்கள் களம் வந்த பிறகு அந்த வருஷம்தான் எஸ்தர் சூளைக்குப் போகாமல் தங்கியது. மகள் ரோஸி பத்தாவதுக்கு வந்திருந்தாள்.

"எங்க வூட்ல ஒருத்தரும் பத்தாவது தாண்டல சார்" என்று எஸ்தர் என்னிடம் சொன்னார். "இவ தாண்டட்டும். அதுக்கு நா இங்கியே இருக்கணும். சூளைக்கு போனா இவளும் மண்ணு மிதிக்க வந்துடுவா. பங்குனி வரைக்கும் இந்தக் களம் ஓடினா போதும், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிட்டு அப்பால நா எங்க வேணா போறேன்."

அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அடுத்த வருஷம் மார்ச்சில் பரீட்சை முடியும் வரை களம் ஓட வேண்டும்.

அந்த வருஷம் மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஊரைச் சுற்றிச் சாலைக்குச் சாலை சோதனை. அந்த நேரத்தில் போய் ஒரு லாரி நிறையக் கறுப்புத் தூளை ஏற்றிக்கொண்டு வந்தோம் பாருங்கள், எங்கள் புத்தியை என்னவென்று சொல்வது! நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காவலர் ஒருவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாய்யா தூளு இது?"

"காபி சக்க சார்" என்றார் டிரைவர்.

"காபி குடிச்சிட்டு கீழ கொட்ற சக்கையவா லாரி வச்சி ஏத்தினு வர? எதுக்கு?"

"எரிக்கிறதுக்கு சார்."

அந்த வார்த்தையை அவர் வேறு எந்த வருஷத்திலாவது சொல்லியிருக்கலாம். எங்களை இறக்கி மரத்தடியில் உட்காரவைத்துவிட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் ஒரு அதிகாரி வந்தார். ஒரு சிட்டிகை எடுத்து மோந்தார், நாக்கு நுனியில் வைத்தார், முகத்தைச் சுளித்துத் துப்பினார். "எங்க மாமியார் வூட்டு காபி மாதிரியே கீது. போங்கய்யா" என்று விட்டுவிட்டார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஊரே பயந்துபோய் இருந்தது.

ஆனால் அந்தச் செய்தி காபித் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. நிலைமை சரியாகும் வரை லாரி வேண்டாம், நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று நிறுத்திவிட்டார்கள். கத்திரி முடிந்தும் தணியாத வெயிலில் எங்கள் களம் காலியாகக் கிடந்தது. சாணி போட்டு மெழுகினாற்போல் இறுகிய தரை, மேலே நெருப்பாக வெயில், காயவைக்க ஒரு கூடைச் சக்கை கிடையாது. கூப்பிடுவார்களோ என்று பெண்கள் தினமும் வந்து வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். எஸ்தர் மட்டும் களத்து ஓரத்தில் நின்று கையை நெற்றிக்கு வைத்து வானத்தைப் பார்ப்பார்.

"வெயிலு சும்மா போவுது சார்" என்பார். பால் பொங்கி வழிவதைப் பார்ப்பவர் சொல்வதுபோல இருக்கும்.

லாரிகள் மறுபடி வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. வந்தவை மொத்தமாக வந்தன. நிறுத்திவைத்ததை எல்லாம் அவர்கள் எங்கள் தலையில் கொட்ட, முதலாளியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காரணம் இருந்தது. வளைகுடாவில் சண்டை நடந்த வருஷம் அது. பாய்லருக்கு ஃபர்னஸ் ஆயில் கிடைக்காமல் கம்பெனிகள் அல்லாடின. பக்கத்தில் ஒரு அட்டைக் கம்பெனி எங்கள் கட்டைகளைப் பாய்லரில் போட்டுப் பார்த்தது. நன்றாக எரிந்தன. ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்கள். மழைக்காலத்திலும் நிறுத்தாமல் கொடுக்க முடியுமா? முடியும் என்றால் வருஷம் முழுவதற்கும் ஒப்பந்தம். முடியாது என்றால் வேண்டாம்.

மழையில் சக்கை காயாது. ஆகவே ஐப்பசிக்கு முன்னால் காயவைத்து, குடோனை நிரப்பி, அதை வைத்து மழைக்காலத்தை ஓட்ட வேண்டும். ஒப்பந்தம் கிடைத்தால் களம் ஓடும். களம் ஓடினால் ரோஸி பரீட்சை எழுதுவாள். கணக்கு எஸ்தருக்கும் தெளிவாகப் புரிந்துவிட்டது. அந்தப் பெண்கள் உழைத்ததுபோல் உழைத்தவர்களை நான் பிறகு எந்தக் கம்பெனியிலும் பார்க்கவில்லை. மேகம் கறுத்தால் வாரிக் குவித்து மூடுவார்கள், வெளுத்தால் மறுபடி விரிப்பார்கள். நெல் காயவைத்துப் பழகிய கைகள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடிப்போம். விரித்தால் பொலபொலவென்று உதிர வேண்டும். உதிர்ந்தால் கோணியில் கட்டு, குடோனில் அடுக்கு. முதலாளியும் அப்படித்தான் பார்த்தார், நானும் அப்படித்தான் பார்த்தேன். மரத்தூளுக்கு அந்தப் பரீட்சை போதும்.

காபிக்குப் போதாது. சாறு இறக்கிய பிறகும் அதில் எண்ணெய் நிற்கும். மேலே உதிரும், உள்ளே ஈரம் இருக்கும். அதைக் கூரை முட்ட அடுக்கி, ஒழுகும் என்று பயந்து தார்ப்பாயையும் இறுக்கிப் போர்த்தினால், நடு அடுக்கில் யாரும் கொளுத்தாமலே சூடு ஏறும். எங்களுக்கு இது தெரியாது. நெல்லைப் பாதுகாப்பதுபோல் பாதுகாத்தோம். உங்கள் குவியலுக்குள் தினமும் ஒரு இரும்புக் கம்பியை ஆழமாகச் செருகி, சற்று நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால், புகை வருவதற்கு முன்னால் குவியலைப் பிரித்துவிட வேண்டும் என்று அர்த்தம். இதை எனக்கு அன்றைக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

அட்டைக் கம்பெனி மேனேஜர் இருப்பைப் பார்க்க வந்தார். அன்று காலை களத்துக்குள் நுழைந்தபோதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தச் செத்த எலி நாற்றத்தைக் காணோம். அதற்குப் பதில், கடைத்தெருவில் காபிக்கொட்டை வறுக்கும் கடை வாசலில் நின்றால் வருமே, அந்த வாசனை. லேசாக, இனிப்பாக. ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"இன்னிக்குதான் சார் நாத்தம் இல்ல" என்று எஸ்தர் சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. "நல்லா காஞ்சிகீதுன்னு அர்த்தம். பாருங்க, எப்டி மணக்குது!"

ரோஸிகூட அன்று பள்ளிக்கூடம் போகிற வழியில் சீருடையோடு வந்து, வேலிக்கு வெளியே நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள். மேனேஜர் குடோன் வாசலில் நின்று கூரை வரைக்கும் அடுக்கியிருந்ததைப் பார்த்தார். "ஸ்டாக் பிரமாதம். வாசனையே சொல்லுதே சரக்கு எப்படின்னு" என்றார். முதலாளியைத் தன் காரிலேயே மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். மறுநாள் பேசி முடித்துவிடலாம் என்றார்.

நாங்கள் எல்லோரும் சேர்ந்து மோந்து மகிழ்ந்தது எங்கள் குடோன் வறுபடத் தொடங்கிய வாசனையை. நாற்றத்துக்குப் பழகிய மூக்குக்கு நல்ல வாசனை வந்தால் சந்தேகம் வருவதில்லை. தொழிலில் இத்தனை காலம் இருந்துவிட்டு உங்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடிய பாடம் இது ஒன்றுதான். ஒரு இடம் திடீரென்று நன்றாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மறுநாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே குடோன் கூரையின் இடுக்குகளில் புகை தெரிந்தது. மெல்லிய, வெளுத்த புகை. தூரத்திலிருந்து பார்த்தால் யார் வீட்டிலோ சமையல் நடப்பதுபோல. ஓடினேன். பெண்கள் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். தொட்டித் தண்ணீரில் கோணிகளை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். எஸ்தர் குடோன் கதவை ஒரு ஆள் நுழையும் அளவு திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், முன் வரிசை நல்லா கீது சார்! சூடே இல்ல. பின்னாலதான் புகையுது. நாங்க சங்கிலி மாதிரி நின்னு இழுத்துப் போட்டுடறோம்."

பிரஸ் ஆபரேட்டரைச் சைக்கிளில் பெட்ரோல் பங்க்குக்கு அனுப்பினேன், தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்ய. முதலாளி மெட்ராஸில். முடிவு என் தலையில்.

ரைஸ் மில் ஒன்றில் நான் பயிற்சிக்குப் போயிருந்தபோது அங்கே உமி வண்டி தள்ளும் ஆள் ஒருவர் இருந்தார். அவர் பெயரை நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. ஒரு பக்க முகம் வெந்து இழுத்துக்கொண்டிருக்கும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தானாகவே சொன்னார். உமி அறையில் புகை வந்திருக்கிறது. அணைக்கலாம் என்று கதவைத் திறந்திருக்கிறார். "புகைதானேன்னு தெறந்தேன் தம்பி. அது காத்துக்காகத்தான் உள்ள உக்காந்துகினு இருந்துச்சி" என்றார். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தீயணைப்புப் பயிற்சி.

கதவின் தகரத்தில் புறங்கையை வைத்தேன். கீழே சில்லென்று இருந்தது. நெஞ்சு உயரத்தில் வெதுவெதுப்பு. கைக்கு எட்டும் உச்சியில் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். எஸ்தர் சொன்னது பொய்யில்லை, முன் வரிசை நன்றாகத்தான் இருந்தது. அதை எடுத்துவிடவும் முடிந்திருக்கலாம். மூட்டையை இழுக்கும்போது தூள் பறக்கும், திறந்த கதவு வழியாகக் காற்று போகும், பறக்கும் தூளில் நெருப்புப் பட்டால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வர மாட்டார்கள். அல்லது ஒன்றுமே ஆகாமல் பாதிச் சரக்கு வெளியே வந்து, ஒப்பந்தம் பிழைத்திருக்கும். இரண்டில் எது என்று அந்தத் தகரம் எனக்குச் சொல்லவில்லை. இப்போது நீங்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வரைபடம் போட்டுப் பார்க்கிறீர்கள். அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரு புறங்கை, ஒரு வெந்த முகத்தின் ஞாபகம்.

"எல்லாரும் தள்ளிப் போங்க" என்றேன். கதவை இழுத்து மூடிப் பூட்டுப் போட்டேன். இடுக்குகளில் ஈரச் சக்கையை அள்ளி அப்பச் சொன்னேன். யாரும் அசையவில்லை. நானே அள்ளி அப்பினேன்.

எஸ்தர் என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"இன்னா சார் பண்ற? தெற சார்! நாங்க போறோம், நீ வராத, நாங்க போறோம்!"

"எஸ்தரம்மா, உள்ள போனா திரும்பி வர மாட்டீங்க."

"வராட்டி போறேன்! எம் பொண்ணு பரீட்ச உள்ள கீதுய்யா! சாவிய குடு!"

சாவியை என் கைக்குள் இறுக்கிக்கொண்டேன். விரல் விரலாகப் பிரிக்கப் பார்த்தார். உழைத்த கை, என் கையைவிட வலு அதிகம். மற்ற பெண்கள் வந்து அவரைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்தபோதும் அவர் கத்தினார். "நீ மாச சம்பளக்காரன்! ஒனக்கு வேற கம்பெனி கெடைக்கும். நாங்க எங்கய்யா போவோம்?"

அவர் சொன்னது உண்மை.

சற்று நேரத்தில் பின்பக்கக் கூரை ஓடுகள் பட்பட்டென்று வெடித்தன. வேலியைத் தாண்டி எல்லோரையும் நிற்கவைத்தேன். தீயணைப்பு வண்டி வந்தது. வெடித்த கூரை வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். மாலை வரை பீய்ச்சினார்கள். ஊர் முழுவதும் காபி வாசனை. ரோட்டில் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் மூச்சை நன்றாக இழுத்துவிட்டுப் போனார்கள்.

முதலாளி பொழுது சாயும் நேரத்தில் வந்து இறங்கினார். தலைமை அலுவலகத்தில் சரி என்று சொல்லிவிட்டார்களாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை நான் பழமொழியாக மட்டும் கேட்டிருந்தேன், அன்றுதான் ஒரு மனிதர் முகத்தில் பார்த்தேன். "யாருக்காவது அடிபட்டுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கருகிய சுவரோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தார். "நீ செஞ்சதுதான் சரி" என்றார். பிறகு, "நான் இருந்திருந்தா திறந்திருப்பேன்" என்றார். இந்த இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

மறுநாள் குளிர்ந்த பிறகு பூட்டைத் திறந்தேன். பின் அடுக்குகள் சாம்பலும் சேறுமாகக் கிடந்தன. முன் வரிசைகள் அப்படியே நின்றன. கோணிகூடக் கருகவில்லை. தண்ணீரில் மட்டும் ஊறியிருந்தன. கதவை மூடியதால்தான் அவை தப்பின என்று தீயணைப்பு அதிகாரி சொன்னார். எஸ்தர் என்னைத் தாண்டி உள்ளே போனார். ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு பிடி எடுத்து இறுக்கினார். விரல்களுக்கு இடையில் கறுப்புத் தண்ணீர் வழிந்தது. உள்ளங்கையை விரித்து எனக்குக் காட்டினார். கோபம் எல்லாம் போய்விட்டிருந்தது.

"இது நல்லா கீது சார்" என்றார். "வெயிலுதான் இல்ல."

இருந்தாலும் விரித்தார்கள். முதலாளி வேண்டாம் என்றார், கேட்கவில்லை. நல்ல மூட்டைகளை எல்லாம் சுமந்துவந்து களம் முழுவதும் விரித்தார்கள். அடுக்கு அடுக்காக மேகம். களத்தைச் சுற்றி எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களோடு ரோஸியும் நின்றாள், பள்ளிக்கூடம் போகவில்லை. மத்தியானம் மழை பிடித்தது. ஐப்பசி மழை, விடுகிற மழை இல்லை. வாரிக் குவிக்கக்கூட ஒருவரும் குனியவில்லை. சக்கை கரைந்து வேலிக்கு அடியில் ஓடி, ரோட்டைக் கடந்து ஏரிப் பக்கம் போனது.

அட்டைக் கம்பெனி வேறு வழி பார்த்துக்கொண்டது. பிரஸ்ஸை விற்றுவிட்டு முதலாளி யாரிடமோ வேலைக்குப் போனார். எஸ்தர் சொன்னதுபோலவே எனக்கு வேறு கம்பெனி கிடைத்தது, அதுவும் சீக்கிரமே. பொங்கல் முடிந்து ஒரு காலையில் நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது சூளை லாரி போனது. மேலே பாத்திர மூட்டைகள், பாய்கள், பெண்கள். எஸ்தர் என்னைப் பார்த்தார், கையை அசைக்கவில்லை. ரோஸி மூட்டைமேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதன்பின் இந்தக் கதையைப் பல பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாய்லர் இன்ஸ்பெக்டர்கள், தீயணைப்பு அதிகாரிகள், எல்லோரும் நீங்கள் செய்தது சரி என்றார்கள். நானும் அதைச் சரி என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்கும் அந்தக் கதவை மூடத்தான் மூடுவேன். ஆனால் சரியாகச் செய்தவனுக்கு மனம் நிம்மதியாக இருக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நான் காப்பாற்றிய உயிர்கள் என்ன ஆயின என்று ஒருநாளும் போய்ப் பார்க்கத் துணியவில்லை. உயிரோடு இருந்தார்கள், அதை வைத்துக்கொண்டு நான் கைத்தட்டல் வாங்கினேன்.

பல வருஷம் கழித்து, இதே ஒரகடத்தில், உங்கள் கம்பெனியிலேயே நான் பாய்லர் ஹவுஸ் பொறுப்பில் இருந்தபோது ஒரு பெண்மணி என்னை வராண்டாவில் நிறுத்தி, "சார், நீங்க பென்னலூர் சக்க கம்பெனி சார்தானே?" என்று கேட்டார். எஸ்தரின் தாடை, எஸ்தரின் குரல், உரப்பு மட்டும் இல்லை. அம்மா சூளையிலேயே மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். பரீட்சையைப் பற்றி நான் கேட்கவில்லை. கான்ட்ராக்டில் துடைப்பத்தோடு நின்றவரிடம் அதை என்னவென்று கேட்பது?

உங்கள் மாடியில் காபி மெஷினைக் கழுவி, அடியில் சேர்ந்த சக்கையை உங்கள் திட்டத்துக்காகப் பச்சை பக்கெட்டில் தனியாகத் தட்டி வைக்கிறாரே, "அக்கா, சர்க்கரை கம்மி" என்று நீங்கள் சொல்வீர்களே, அவர்தான் ரோஸி. ஒவ்வொரு பாதுகாப்பு வாரமும் தட்டோடு அந்த அறையில் நின்று என் கதையைக் கேட்பவர்.

கடைசி வரிசைப் பெண் கேள்வி கேட்டபோது அவர் அந்த வரிசையில்தான் கப்புகளை எடுத்துக்கொண்டிருந்தார். என் பதிலையும் கேட்டார். பிறகு மெல்ல என் மேஜைக்கு வந்து, நான் குடித்து வைத்த கப்பைத் தட்டில் எடுத்து வைத்தார். குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"சரியாத்தான் சொன்னீங்க சார். வேற வேலைக்குத்தான் போனோம்."